அறைகூவல் வேறு, அழைப்பு வேறு

உப்புவெளியில் இருக்கும் அக்காவின் மகன் இணையத்தில் சதுரங்கம் ஆடுகிறான். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஏணி ஆட்டம். அதன் விதித்தாளில் 'நியாயமான போட்டி அழைப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. போன மாதம் ஆறாம் படியில் நின்றவன், ஒரு காய்கூட நகர்த்தாமல் எட்டாம் படிக்கு இறங்கிவிட்டான். 'போட்டி அழைப்பு' என்று வந்த செய்தியை அவன் பொருட்படுத்தவில்லை. கேட்டால், "அழைப்பெண்டுதானே மாமா கிடந்தது. விருப்பமெண்டால் போறது, இல்லாட்டி விடுறது" என்கிறான். அவன் தமிழைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறான். 'சலெஞ்ச்' என்பதை அழைப்பு என்று பெயர்த்தவர்தான் பிழை விட்டார்.

ஏணி ஆட்டத்தில் கீழ்ப்படியில் நிற்பவர் மேற்படியில் நிற்பவரை ஆட வரச் சொல்வார். வென்றால் இருவரும் இடம் மாறுவார்கள். எத்தனை படி மேலே போய்க் கேட்கலாம், எத்தனை நாளுக்குள் ஆட வேண்டும் என்று வரம்பு உண்டு. வராவிட்டால் தோல்விக் கணக்கு. அந்த விதி இல்லையென்றால் உச்சியில் இருப்பவர் யாரோடும் மோதாமல் அங்கேயே இருந்துவிடுவார்.

இதற்குத் தமிழில் அறைகூவல் என்ற சொல் இருக்கிறது. அறைதல் அடித்தல், கூவல் உரத்து அழைத்தல். மோத வா என்று ஒருவரைக் கூப்பிடுவது.

அழைப்பில் அந்த மோதல் எங்கே? தொலைபேசி அடித்தாலும் அழைப்பு, கலியாணக் கார்டும் அழைப்பு, கூட்டத்துக்கு வரச்சொன்னாலும் அழைப்பு என்று மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு சொல்லை எல்லா இடத்திலும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். கலியாணத்துக்குப் போகாவிட்டால் மனவருத்தம் வரும், அவ்வளவுதான். நீதிமன்றத் தமிழைப் பாருங்கள். வராவிட்டால் விளைவு உண்டு என்பதால் அங்கே வெறும் அழைப்பு என்று விடவில்லை, அழைப்பாணை என்றார்கள். அந்தக் கவனம் விளையாட்டு விதிக்கும் வேண்டும். மறுத்தால் படி போகும் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

சவால் என்று எழுதலாமே என்பார்கள். அரபு மொழியில் கேள்வி என்று பொருள்படும் சொல் அது, உருது வழியாக வந்தது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இப்போது வெள்ளமும் சவால், விலைவாசியும் சவால். ஆளை ஆள் எதிர்கொள்ளும் பொருள் கரைந்துவிட்டது. அறைகூவலையும் பத்திரிகைகள் விட்டுவைக்கவில்லை. கடையடைப்புக்கு ஊரையே கூப்பிடுவதற்கும் 'அறைகூவல் விடுத்தார்' என்றே எழுதுகிறார்கள்.

அப்புறம் விதித்தாளில் இருக்கும் அந்த 'நியாயமான'. கரம் போர்ட் ஆடும்போது "அளாப்பாதை" என்று நாங்கள் கத்தியது ஏமாற்றுகிறவனைப் பார்த்து. ஏணி விதி சொல்வது அதை அல்ல, யார் யாரைக் கேட்கலாம் என்பதை. அதற்கு 'முறையான' போதும். சதுரங்கத்தில் 1970 முதல் உலகக் கூட்டமைப்பு பயன்படுத்தும், ஆட்டக்காரரின் வலிமையைப் புள்ளியில் அளக்கும் ஈலோ கணக்கில் இருவருக்கும் 400 புள்ளி இடைவெளி என்றால், 11 ஆட்டத்தின் 11 வெற்றிப்புள்ளியில் சுமார் 10 வலியவருக்கே போகும். அப்படிப்பட்ட இருவரைக் கோர்த்துவிடக் கூடாது என்பதற்குத்தான் படி வரம்பு.

மருமகனின் விதித்தாளில் அந்த வரியை இப்படி மாற்றிக் கொடுத்தேன்: 'தன்னைவிட மூன்று படிக்கும் கூடுதலாக மேலே நிற்பவரை அறைகூவக் கூடாது. அறைகூவலை ஏற்று மூன்று நாளுக்குள் ஆட வேண்டும். ஆடாவிட்டால் படி மாறும்.'