'ஹேட்' (had) என்றால் 'ரொம்ப நாளைக்கு முன்பு' இல்லை

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் என் இங்கிலீஷ் வகுப்புக்கு வந்தார். ரிசார்ட் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ போய்க் கிடைக்காமல் திரும்பியவர். கொடுத்திருந்த விண்ணப்பக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பதினோரு வரியில் ஒன்பது 'ஹேட்'. அதில் ஒன்று, 'ஐ ஹேட் எ டிரைவிங் லைசென்ஸ்'.

"லைசென்ஸ் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க மிஸ். எனக்குப் புரியவே இல்லீங்க. பர்ஸ்லதான் இருக்குது" என்றார், கண் கலங்கி.

கையில் இருப்பதற்கு 'ஹேவ்'. 'ஹேட்' என்று சொன்னால், இருந்தது, இப்போது இல்லை என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். எத்தனை பேருக்குத்தான் இதைத் திருத்துவது!

யாரைக் கேட்டாலும், 'ஹேட்' போட்டால் ரொம்ப நாளைக்கு முன்பு நடந்தது என்கிறார்கள். டியூஷனில் அப்படித்தான் சொல்லித் தந்தார்களாம். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இருநூறு வருடம் ஆகிறது. அதற்கே 'காக்பர்ன் பிராட் காபி' போதும். ஆனால் இன்று காலை 8 மணிக்கு ஏற்காடு பஸ் கிளம்பிவிட்டது, நீங்கள் 8.10க்குப் போய் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டாண்ட், தி பஸ் ஹேட் லெஃப்ட்.' பத்தே நிமிட வித்தியாசம், அங்கே 'ஹேட்' வருகிறது. நடந்து முடிந்த இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் அது. வருடக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

நம் தமிழும் இதற்கு ஒரு காரணம். 'நேத்து உங்க ஆபீசுக்கு வந்திருந்தேன்' என்கிறோம். வந்தேன், நீங்கள் இல்லை, திரும்பிவிட்டேன் என்பதெல்லாம் அந்த 'இருந்தேன்' ஒன்றிலேயே அடங்கிவிடும், பணிவாகவும் இருக்கும். அதையே 'ஐ ஹேட் கம் யெஸ்டர்டே' என்றால், கேட்பவர் 'சரி, அப்புறம்?' என்று மீதிக்குக் காத்திருப்பார். 'ஐ கேம் யெஸ்டர்டே' என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

சாப்பிட்டதற்கும் காய்ச்சல் வந்ததற்கும் 'ஹேட்' சரிதான். 'ஐ ஹேட் டூ இட்லிஸ்', 'ஐ ஹேட் ஃபீவர்'. 'டிடின்ட்' வந்தால் மட்டும் 'ஹேவ்' ஆகிவிடும்.

கடிதம் அனுப்பும் முன் ஒவ்வொரு 'ஹேட்'டையும் பேனாவால் சுழியுங்கள். அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு காரியம் பக்கத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், இட்லி, காய்ச்சல் மாதிரியானவற்றை விட்டுவிட்டு, மற்றதை அடித்துவிடுங்கள். பேங்குக்கு 'ஐ ஹேட் பெய்ட்' என்று எழுதாதீர்கள். 'ஐ பெய்ட்' என்று தேதியைப் போட்டு எழுதுங்கள். படித்து வாங்கிய டிகிரியை 'ஐ ஹேட் எ டிகிரி' என்று நீங்களே இல்லாமல் ஆக்காதீர்கள்.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து கடிதத்தைத் திருத்தினேன். ஒன்பதில் ஒன்று தேறியது. பழைய வேலையில் அவர் சேர்ந்தபோது கேஷியர் ஏற்கெனவே விலகிப் போயிருந்ததால் கணக்கையும் தானே பார்த்ததாக எழுதியிருந்த வரி. மற்ற எட்டையும் அவரே அடித்தார்.