லைலாக்: நீலத்தில் கிளம்பிய சொல்

பாலக்கோட்டில் சித்தி வீட்டு வாசலில் ஒரு மரம் நிற்கிறது. நான்கு வருடத்துக்கு முன் 'பெர்ஷியன் லைலாக், வாசனைப் பூ' என்று ஒரு நர்சரியில் கொடுத்த கன்று. இப்போது மாடியைத் தாண்டிவிட்டது. "புதர்ச்செடின்னு நெனச்சு வாங்கினேன், வேப்பமரம் மாதிரியில்ல இருக்கு" என்றார் சித்தி. அவர் கண் தப்பவில்லை. அது வேம்பின் குடும்பம்தான்.

அசல் லைலாக் வேறு செடி, வெளிர் ஊதாவில் பூக்கும்; அந்த நிறத்துக்கும் லைலாக் என்றே பெயர். முதலில் சொல்லின் கதை. சமஸ்கிருதத்தில் 'நீல' என்றால் கருநீலம். அது பாரசீகத்துக்குப் போய் 'நீலக்' ஆனது. நீலச்சாயல் கொண்டது என்று பொருள். அங்கேயே முதல் ந, ல ஆக மாறி 'லீலக்' என்றும் வழங்கியது. பிறகு அரபு, ஸ்பானியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'லைலாக்'. ஆக, நாம் தினமும் சொல்கிற நீலமும் இதுவும் ஒரே வேர். தமிழிலும் நீலம் நிறத்தோடு நிற்கவில்லை, கருங்குவளைப் பூவுக்கும் அதுவே பெயர். நிறத்தின் பெயரைப் பூவுக்கு வைக்கும் வழக்கம் இங்கேயும் இருந்திருக்கிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அசல் லைலாக் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் மலைகளின் புதர்ச்செடி. 1560களில் இஸ்தான்புல்லில் தூதராக இருந்த புஸ்பெக் வழியாக வியன்னாவுக்குப் போனது. தாவரவியலில் அதன் பேரினம் 'சிரிங்கா'. கிரேக்கத்தில் 'சிரிங்ஸ்' என்றால் குழல். தண்டின் நடுச்சோற்றை எடுத்துவிட்டால் குழலாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். ஆஸ்பத்திரி சிரிஞ்சும் அதே சொல்தான்.

பெர்ஷியன் லைலாக் என்பது பூவின் நிறத்தையும் வாசனையையும் பார்த்து மலைவேம்புக்கு வைத்த பெயர். பிளைவுட்டுக்காகத் தோப்பு போடுகிறார்களே, அந்த மலைவேம்பு அல்ல; அதன் நெருங்கிய உறவு. இதையும் நம்மவர்கள் மலைவேம்பு என்றே சொல்கிறார்கள். நம் வேம்புக்கே 'இந்தியன் லைலாக்' என்று ஒரு பெயர் உண்டு. அதனால் கன்று வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள், இலையைப் பாருங்கள். அசல் லைலாக் இலை பூவரசம் இலை போல இதய வடிவில், பிளவில்லாமல், எதிரெதிராக இருக்கும். மலைவேம்பு இலை கிளைத்துக் கிளைத்துச் சிற்றிலைகளாகப் பிரியும். இன்னொன்று, மலைவேம்பின் மஞ்சள் பழம் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம்.

சரி, அசல் செடியே கிடைத்தால் தருமபுரியில் வளருமா? வாங்காதீர்கள் என்பேன். மாதக்கணக்கில் கடுங்குளிரில் உறங்கினால்தான் அதன் மொட்டு சரியாக விரியும். நம் மார்கழிப் பனி அதற்குப் போதாது. குளிர்ச்சிக்குப் பேர்போன ஓசூரில்கூட அந்தக் குளிர் கிடையாது.

தமிழில் என்ன சொல்லலாம்? செடிக்கு 'லைலாக்' என்றே எழுதுவேன். இங்கே வளராத செடிக்குப் புதுப்பெயர் கட்டினால் குழப்பம் இன்னும் ஒன்று கூடும். நிறத்துக்கு மட்டும் கடன் வாங்கவே வேண்டாம். 'வெளிர் ஊதா' சரிதான், ஆனால் அதைவிட நல்ல சொல் ஜவுளிக்கடையில் இருக்கிறது. போன பங்குனியில் சித்தி வீட்டு மரம் முதல்முறை பூத்தது. ஐந்து மெல்லிய இதழ், நடுவே கருஊதாவில் சின்னக் குழல். ஒரு கொத்தைக் கையில் வாங்கி முகர்ந்துவிட்டு, "நல்ல கத்தரிப்பூ கலரு" என்றார் சித்தி. கொல்லைப் பாத்தியிலிருந்து ஒரு கத்தரிப்பூவைக் கிள்ளி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பொருத்தமாகத்தான் இருந்தது.

மரத்தை வெட்டிவிடலாம் என்றிருந்த சித்தப்பா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புதர்ச்செடி ஆசைக்கு வாசலின் மறுபக்கம் பவளமல்லி வைத்திருக்கிறார்கள். அதுவும் மல்லிகையும் லைலாக்கும் ஒரே குடும்பம்.