அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கும் பிள்ளைகள்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு தந்தை தம் பத்து வயது மகனை என்னிடம் அழைத்து வந்திருந்தார். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர். வகுப்பில் கவனமில்லை, எழுத்து வேலையை முடிப்பதில்லை, பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளைக் கேட்டுத் தொல்லை செய்கிறான் என்று பள்ளி ஆசிரியை எழுதிய குறிப்பு அவர் சட்டைப் பையில் இருந்தது. "மேடம், நோட்டுல ஒரு வரி எழுத மாட்டேங்கறான், காலண்டர் தாளையெல்லாம் கிறுக்கி வீணாக்கறான்" என்று சொன்னவர், சாட்சிக்கு ஒரு மஞ்சள் பையையும் கொண்டு வந்திருந்தார்.

பையிலிருந்து வந்தவை தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள். நாற்பது, ஐம்பது தாள்களைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் பாய் போல விரித்தான் பையன். மெஜஸ்டிக், சிவாஜிநகர், கே.ஆர்.மார்க்கெட் என்று மூன்று பெரிய வட்டங்கள், அவற்றிலிருந்து கிளைக்கும் கோடுகள், கோடுகளின் மேல் மாநகரப் பேருந்து எண்கள். ஒவ்வொரு நிறுத்தத்தின் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் ஓர் எண் எழுதியிருந்தான். அது என்ன எண் என்று கேட்டேன். "நம்ம வீட்டுலேந்து அங்க போக எத்தனை பஸ் மாறணும்னு. இதைவிடக் கம்மியா முடியாது, எல்லா வழியும் பாத்துட்டேன்" என்றான். புள்ளிகளையும் கோடுகளையும் வைத்து மிகக் குறைந்த மாற்றங்களில் போகும் வழியைக் கண்டுபிடிப்பது கணிதத்தில் வலையமைப்புக் கோட்பாடு என்ற தனித் துறை. அதை அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பள்ளியில் நடந்த கடைசித் தேர்வில் கணக்கில் அவன் பெற்றிருந்த மதிப்பெண் நூற்றுக்கு 41. (பிள்ளைகளின் அடையாளம் தெரியாதபடி இக்கட்டுரையில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பள்ளி உளவியல் ஆலோசகராகப் பெங்களூரில் பணியாற்றும் இத்தனை ஆண்டுகளில், மீத்திறன், அதாவது சராசரியை மிஞ்சிய தனித்திறன், உள்ள குழந்தைகளில் கணிசமானோர் என்னிடம் வந்தது திறமையைப் பற்றிக் கேட்பதற்காக அல்ல, புகாரோடுதான். நம் தமிழ் வீடுகளில் இப்பிள்ளைகளுக்கென்றே 'அதிகப்பிரசங்கி' என்று ஒரு பெயர் தயாராக இருக்கிறது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று சொல்லிக்கொண்டே, முளையைக் களையென்று நினைத்துப் பிடுங்கும் பழக்கம் நமக்கு உண்டு.

மதிப்பெண்ணும் மீத்திறனும் ஒன்றல்ல. சொன்னதைச் சொன்னபடி திருப்பித் தரும் குழந்தை நல்ல மாணவர். அதில் குறையேதும் இல்லை. மீத்திறன் வேறு வகையாக வெளிப்படும். எவரும் கேட்காத வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாமல், மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கும் குழந்தையிடம் அதைப் பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ரென்சுல்லி 1978-ல் முன்வைத்த விளக்கமும் இதையொட்டியதே: சராசரிக்கு மேற்பட்ட ஆற்றல், படைப்புத் திறன், எடுத்த வேலையில் விடாப்பிடியான ஈடுபாடு ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் மீத்திறன் பிறக்கிறது என்றார் அவர். நுண்ணறிவுச் சோதனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1921-ல் கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில், சோதனை மதிப்பெண் போதாதென்று விடுபட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் இருவரும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

பெற்றோரைக் குழப்பும் இன்னொன்றும் உண்டு. இக்குழந்தைகளின் வளர்ச்சி எல்லாத் திசையிலும் ஒரே சீராக இருப்பதில்லை. எட்டு வயதுப் பெண் கருந்துளையைப் பற்றிப் பன்னிரண்டு வயதுக்குரிய தெளிவோடு பேசுவாள், பென்சில் முனை உடைந்ததற்கு ஐந்து வயதுக் குழந்தை போல அழுவாள், கையெழுத்தோ கோழி கிளறியது போலிருக்கும். "இவ்வளவு புத்தி இருக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா" என்று அவளைக் கடிந்துகொள்வது நியாயமே இல்லை.

சரி, கண்டுகொண்டாயிற்று, அடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பலரும் தவறான விடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வொயிட்ஃபீல்டில் மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு தம்பதி, தங்கள் ஒன்பது வயது மகளை அபாகஸ், வேத கணிதம், கோடிங், ஒலிம்பியாட் பயிற்சி என நான்கு வகுப்புகளில் சேர்த்திருந்தார்கள். மகள் மீது கொண்ட அன்பினால்தான் செய்தார்கள், பணத்துக்கும் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் அந்தக் குழந்தை கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தாள். நான்கு வகுப்பிலும் நடந்தது ஒன்றேதான்: அடுத்த ஆண்டுப் பாடத்தை இந்த ஆண்டே வேகமாக முடிப்பது. பசித்தவர் இலையில் பாயசத்தை மட்டும் மேலும் மேலும் ஊற்றியது போலாகிவிட்டது.

மீத்திறன் குழந்தைக்கு வேண்டியது ஆழம். அதைச் செலவின்றித் தர முடியும் என்பதற்கு அந்த ஸ்ரீராமபுரத்துப் பையனையே சொல்கிறேன். ஒரு சதுரம் வரைந்து அதற்குள் இரு மூலைவிட்டங்களைப் போட்டு, "கையெடுக்காமல், ஒரு கோட்டின் மேல் இரண்டாம் முறை போகாமல் இதை வரைய முடியுமா?" என்று கேட்டேன். பிறகு அதே சதுரத்தின் மேல் முக்கோணக் கூரை ஒன்றைப் போட்டு, இப்போது முடியுமா என்று கேட்டு அனுப்பினேன். கூரை போட்டால் முடியும், போடாவிட்டால் முடியாது என்பதை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டான். ஏன் என்பதற்கு அவனுக்கு மூன்று வாரம் பிடித்தது. அம்மா போடும் கோலம் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்திருக்கிறான். கடைசியில், ஒற்றைப்படை எண்ணிக்கையில் கோடுகள் சேரும் முனைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் வரைய முடியாது என்றும், சரியாக இரண்டு இருந்தால் அவற்றில் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில்தான் முடிக்க வேண்டும் என்றும் தன் மொழியில் எழுதிக் கொண்டு வந்தான். கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலம் ஒவ்வொன்றையும் ஒரே முறை கடந்து சுற்றி வர முடியுமா என்ற புதிரை வைத்து ஆய்லர் என்ற கணித மேதை 1736-ல் எழுதிய விஷயம் அது என்று சொன்னபோது, அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்து விடைக்காகக் காத்திருக்கும் பெரியவர் ஒருவரும், தன்னைப் போலவே யோசிக்கும் சில தோழர்களும் கிடைப்பதுதான் கடினம். பெங்களூரில் வாழ்வோருக்கு அந்த வகையில் நல்லூழ் உண்டு. ஹை கிரவுண்ட்ஸில் உள்ள ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தை வான்காட்சிக்கு மட்டுமான இடமாகவே பலர் நினைக்கிறார்கள். பள்ளி மாணவர்களுக்கான வார இறுதி அறிவியல் நிகழ்ச்சிகளும் கோடைக்கால வகுப்புகளும் அங்கே நடப்பது என்னிடம் வரும் பெற்றோரில் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்திய அறிவியல் நிறுவனம் ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், தன் ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறது. அன்று கூட்டம் அலைமோதும் என்பதால் நாற்பது துறைகளையும் சுற்றிப் பார்க்க ஆசைப்படாமல், குழந்தைக்குப் பிடித்த ஒரே துறைக்குப் போய் அங்கிருக்கும் ஆய்வு மாணவரிடம் அரை மணி நேரம் பேச விடுங்கள். ஹெசரகட்டா பக்கமுள்ள சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம் பள்ளி மாணவர்கள் கூடிக் கணக்குகளை யோசித்துப் பார்க்கும் 'கணித வட்டம்' என்ற அமர்வுகளையும், கோளரங்கத்தோடு சேர்ந்து பொதுமக்களுக்கான உரைகளையும் நடத்துகிறது. 1988-ல் ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியால் தொடங்கப்பட்ட தேசிய உயர் ஆய்வு நிறுவனம், இந்தியச் சூழலில் மீத்திறனை அடையாளம் காண்பது பற்றி ஆய்வு செய்திருக்கிறது. கஸ்தூர்பா சாலையின் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் எல்லோரும் அறிந்ததே.

இயற்கையில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் திட்டத்தைச் சொல்வேன். வீட்டருகே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அது தளிர்ப்பதையும் பூப்பதையும் காய்ப்பதையும் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். தமிழில் படிக்க வேண்டுமென்றால், அல்சூரில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ், பிரதம் புக்ஸ் இணையத்தில் இலவசமாகத் தரும் 'ஸ்டோரிவீவர்' தமிழ்ப் புத்தகங்கள், குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத் தரும் அர்விந்த் குப்தாவின் இணையதளம் ஆகியவையும் உண்டு. தாய்மொழியில் யோசித்த குழந்தை அந்த யோசனையை ஆங்கிலத்துக்குக் கொண்டு செல்வதைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளும். யோசிப்பதற்கு ஒரு மொழியும் கைவசம் இல்லாமல் போவதுதான் இந்த ஊரில் நான் காணும் பெரிய இழப்பு.

ஒலிம்பியாட் என்ற பெயரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பள்ளி வழியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒன்றாம் வகுப்பிலிருந்தே பதக்கம் வழங்கும் தனியார் தேர்வுகள் வேறு, சர்வதேச ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள் வேறு. கணிதத்தில் ஐ.ஓ.கியூ.எம். என்ற முதற்கட்டத் தகுதித் தேர்வு, அதன் பிறகு வட்டாரத் தேர்வு, தேசியத் தேர்வு, மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் வழிநடத்தும் பயிற்சி முகாம் என்று படிகள் உள்ளன. முடிவில் ஆறு பேர் மட்டுமே நாட்டின் சார்பில் போகிறார்கள். அறிவியல் பாடங்களுக்கான முதற்கட்டத் தேர்வை இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்துகிறது. சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் ஒரு நாளைக்கு மூன்றே கேள்விகள், அவற்றுக்கு நாலரை மணி நேரம். வேகப் பயிற்சிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும். தேர்ச்சி பெறாவிட்டாலும், பழைய வினாத்தாள்களை வாரம் ஒரு கணக்கு என்று வீட்டில் போட்டுப் பார்ப்பதே நல்ல விருந்து.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மூன்று வழிகளை நான் தவறாமல் எழுதிக் கொடுக்கிறேன். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வில் தேறினால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், மதிப்பெண்ணை அறவே கைவிடுவதற்கும் இல்லை. அடுத்தது நவோதயா பள்ளிகள். தமிழ்நாட்டில் அவை இல்லை என்பதால், அங்கிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்கு அப்பெயரே பழக்கமில்லை. கர்நாடகத்திலோ ஐந்தாம் வகுப்பில் தேர்வெழுதி ஆறாம் வகுப்பில் சேரலாம். முக்கால் பங்கு இடங்கள் கிராமப்புறத்தாருக்கு உரியவை, நகரத்துப் பிள்ளைகளும் மீதி இடங்களுக்குப் போட்டியிடலாம். மூன்றாவது, ஆறாம் வகுப்பு முதல் உள்ள மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு 10,000 ரூபாய் வழங்கும் இன்ஸ்பயர் மானக் விருது. அதற்குப் பள்ளிதான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும் என்பதால் தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

நுண்ணறிவுச் சோதனை எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் காட்டுவதற்கென்றால் வேண்டாம். வகுப்பில் ஒரு படி மேலே ஏற்றலாமா என முடிவெடுப்பதற்கு என்றாலோ, அறிவுக்கும் எழுத்துக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தாலோ, குழந்தை சரளமாகப் பேசும் மொழியில் சோதிக்கக்கூடிய பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் எடுப்பது அவசியம். மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருப்பது உண்டு. அப்போது ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும், பார்ப்பவர்களுக்குச் சுமாரான மாணவராகவே தெரியும். நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவில் இத்தகைய மதிப்பீட்டுக்கு வழியிருக்கிறது. அந்த ஸ்ரீராமபுரத்துப் பையனுக்கும் எழுதுவதில் அப்படியொரு சிக்கல் இருந்தது மதிப்பீட்டில்தான் தெரிய வந்தது. இப்போது ஆசிரியை அவனிடம் பாதிக் கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கிறார், அவனும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் காரில் கோளரங்கம் போய் வருகிறான்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை பையன்களைப் பற்றியவை. பெண் பிள்ளைகள் சலிப்பை வகுப்பில் காட்டாமல், கேள்வியை உள்ளுக்குள் விழுங்கிக்கொண்டு, அமைதியான பெண் என்று பாராட்டு வாங்கி விடுகிறார்கள். எனவே புகார் எதுவும் வராத மகளின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பிறகு ஆலோசகர் எவரிடம் போனாலும், மதிப்பெண் அட்டையோடு அந்தப் பக்கங்களையும், கிழித்த காலண்டர் தாள்களையும், அட்டைப் பெட்டியில் செய்து பாதியில் நிற்கும் பொருள்களையும் எடுத்துச் செல்லுங்கள். நான் முதலில் கேட்பது அவற்றைத்தான்.