டின்னை மாற்றும் முன் கரண்டியைப் பாருங்கள்

குழந்தை முக்குகிறது, எதுக்களிக்கிறது, பொழுது சாய்ந்தால் ஓயாமல் அழுகிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "இந்தப் பால் பிள்ளைக்குச் சேரவில்லை." மறுநாளே மருந்துக் கடையிலிருந்து வேறு டின் வந்து இறங்கும். இரண்டு மாதம் முடிவதற்குள் மூன்று வகைப் பால் பவுடரைக் குடித்துப் பார்த்துவிட்ட குழந்தைகளைக் காரைக்குடியில் சர்வ சாதாரணமாகப் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குப் பவுடரில் ஒரு குறையும் இல்லை.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் பல காரணங்களால் பவுடர் பாலுக்கு வந்துவிட்ட தாயை மறுபடியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தாய்ப்பால் கொஞ்சமாவது இருக்கிறது என்றால் அதை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போட்டுவிட்டு, பிறகு பவுடர் பாலைக் கொடுக்கலாம்.

"பால் சேரவில்லை" என்று வருபவர்களிடம் டின், கரண்டி, புட்டி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி, என் கண் முன்னாலேயே ஒரு வேளைப் பாலைக் கலக்கச் சொல்வேன். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும். அண்மையில் ஒரு குழந்தைக்கு, தாயைப் பெற்ற ஆயாதான் பால் கலந்துகொடுத்துக்கொண்டிருந்தார். பவுடரைக் கரண்டியில் கோபுரமாகக் குவித்து அள்ளினார். மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் நான்கு போட்டார். அதன் பிறகுதான் புட்டியில் 90 கோடு வரைக்கும் வெந்நீர் ஊற்றினார். ஏன் ஒரு கரண்டி கூடுதல் என்று கேட்டேன். "தண்ணீராக இருக்கிறதே டாக்டர், இதைக் குடித்தால் பிள்ளை எப்படித் தேறும்?" என்றார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்தக் குழந்தையின் மலம் புழுக்கை போல இறுகிக் கிடந்ததற்கும், பால் குடித்த பிறகும் நாக்கைச் சப்புக்கொட்டி அழுததற்கும் அந்தக் கோபுரக் கரண்டிதான் காரணம். அளவைச் சரிசெய்த பிறகு அதே டின்னிலேயே குழந்தை தெளிந்துவிட்டது.

நெல் அளக்கும்போது படியைத் தலைதட்டி அளப்பதுபோல, பால் பவுடரையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும். முதலில் தண்ணீர், அதன் பிறகு பவுடர். இங்கே விற்கும் பெரும்பாலான டின்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்பது கணக்கு. கெட்டியாகக் கலந்தால் உப்புச்சத்து கூடி, உடம்பில் நீர் வற்றி, குழந்தையின் சிறுநீரகம் திணறும். டின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று நீர்க்கக் கலந்தால் பிள்ளை எடை ஏறாது. மிகவும் நீர்த்துவிட்டால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

செட்டிநாட்டில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. சிங்கப்பூரில் பெரியப்பா, அமெரிக்காவில் அத்தை என்று உறவு பரந்து கிடக்கிற ஊர் இது. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் அங்கிருந்து டின் கொண்டுவருவார்கள். அமெரிக்க டின்களில் பொதுவாக ஒரு கரண்டிக்கு 60 மில்லி தண்ணீர், ஏனென்றால் அந்தக் கரண்டி பெரிது. அந்த டின் தீர்ந்ததும் உள்ளூர் டின்னை வாங்கி, பழைய கரண்டியையே போட்டு அளந்தால், 30 மில்லிக்கு இரட்டிப்புப் பவுடர் விழுகிறது. புது டின் சேரவில்லை என்று அழைத்து வருகிறார்கள், சேராதது கரண்டி. ஒரு டின்னின் கரண்டி அந்த டின்னோடு முடிந்துவிட வேண்டும்.

தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போகும் சமயமும் அப்படித்தான். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தை தேவகோட்டையிலிருந்து பள்ளத்தூருக்குப் போகிறது. வீடு, தண்ணீர், பால் கலக்கும் கை எல்லாமே ஒரே நாளில் மாறுகின்றன. குழந்தை இரண்டு நாள் அழுதால் பழி டின்மேல் விழுகிறது. அந்த வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள் என்று அப்பத்தாமார்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேன் தண்ணீரானாலும், நாம் பெருமையாகச் சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீரானாலும், நன்றாகக் கொதிக்க வைத்தே தீர வேண்டும். பால் பவுடர் கிருமி நீக்கம் செய்யப்பட்ட பொருள் இல்லை. அதனால்தான் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கொதித்து இறக்கி அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட்டால் அந்தச் சூடு இருக்கும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குடித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். இராத்திரிப் பாலை மொத்தமாகக் கலந்து பிளாஸ்க்கில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த வெதுவெதுப்பில் கிருமி பெருகும். பிளாஸ்க்கில் வெந்நீரை மட்டும் வையுங்கள். சின்னக் குழந்தைக்குப் புட்டியை விடப் பாலாடை நல்லது. சீராக வந்த வெள்ளிப் பாலாடை அலமாரியில் தூங்குகிறது என்றால் வெளியே எடுங்கள். மூலை முடுக்கு இல்லாததால் கழுவுவதும் எளிது.

கலப்பதெல்லாம் சரி, ஆனாலும் அழுகிறதே என்றால் எடையைப் பாருங்கள். முதல் மூன்று மாதம் ஒரு குழந்தை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். தாய் சேய் நல அட்டையில் எடைக்கோடு ஒழுங்காக ஏறுகிறது, நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறது என்றால், அந்தப் பால் பிள்ளைக்குச் சேர்ந்திருக்கிறது. முகம் சிவக்க முக்கினாலும் மலம் மென்மையாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை. எந்தத் தசையை இறுக்கி எந்தத் தசையைத் தளர்த்துவது என்று குழந்தை பழகிக்கொண்டிருக்கிறது. பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கு மலம் பச்சையாகப் போவதும் இயல்பு. எதுக்களிப்பு நான்காம் மாதம் வரை கூடி, பிறகு குறையும். அளவுக்கு மீறிக் கொடுப்பதாலும் எதுக்களிக்கும்: நான்கு கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 மில்லி போதும்.

அந்தி நேர அழுகை இரண்டாவது வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். இந்தக் காலத்தில் மாற்றப்படும் டின்களில் கடைசியாக வந்ததற்குத்தான் நல்ல பெயர் கிடைக்கிறது. அது வந்த நேரம் அழுகை அடங்கும் நேரம். அப்படிப் பெயர் வாங்கிய டின், தெருவில் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் சிபாரிசாகப் போய்விடுகிறது.

விலை கட்டுப்படியாகவில்லை என்றோ, வாங்கும் டின் கடையில் கிடைக்கவில்லை என்றோ மாற்றுவது தவறே இல்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான முதல் நிலைப் பவுடர்கள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டிய சத்துகளை உணவுப் பாதுகாப்பு விதிகளே வரையறுக்கின்றன. விலை கூடிய டின்னில் பிள்ளை கூடுதலாக வளராது. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த டின்களை விளம்பரம் செய்வதையும் இலவசமாகக் கொடுப்பதையும் தடைசெய்திருக்கின்றன. டின்மேல் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. ஆகவே யாராவது ஒரு டின்னை இலவசமாக நீட்டினால் வாங்காதீர்கள்.

உண்மையிலேயே பாலை மாற்ற வேண்டிய குழந்தைகளும் உண்டு. பசும்பால் புரத ஒவ்வாமை நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு வருகிறது. மலத்தில் சளியும் இரத்தமும், அடங்காத தோல் கரப்பான், தொடர் வாந்தி, ஏறாத எடை ஆகியவை அதன் அடையாளங்கள். இந்தக் குழந்தைக்கு ஒரு சாதாரண டின்னுக்குப் பதில் இன்னொரு சாதாரண டின் பயன்படாது. எல்லாமே பசும்பாலிலிருந்து வந்தவை. புரதத்தை நன்றாகச் சிதைத்துத் தயாரித்த தனி வகைப் பவுடர் வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லித்தான். இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்து, தொல்லை நின்றதும் பழைய பாலை மருத்துவர் மேற்பார்வையில் மறுபடி கொடுத்துப் பார்த்தால்தான் ஒவ்வாமை உறுதியாகும். ஆட்டுப்பாலின் புரதம் பசும்பாலைப் போன்றதே, அதனால் அது மாற்று ஆகாது. தெருவில் கறந்து கொடுக்கும் கழுதைப்பாலில் காய்ச்சாத பாலின் கிருமிகளும் சேர்ந்தே வருகின்றன. பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் கொடுத்தால் இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை வரும். ஒரு வயதுவரை அதை முக்கியப் பாலாகக் கொடுக்க வேண்டாம்.

டின் மாற்றுவதில் எனக்குள்ள பெரிய அச்சம் பணம் வீணாவது பற்றியது இல்லை. "புதுப் பாலைப் பத்து நாள் பார்ப்போம்" என்று காத்திருப்பதில் சில குழந்தைகளின் உயிர்காக்கும் நாட்கள் போய்விடுகின்றன. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். மூன்று முதல் ஆறு வார வயதில் ஒவ்வொரு முறை குடித்ததும் பீய்ச்சியடித்து வாந்தி எடுத்தால் இரைப்பையின் வாய் தடித்து அடைத்திருக்கலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பு, துவண்டு கிடப்பது ஆகியவை ஒருபோதும் பவுடரால் வருபவை என்று எண்ணாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை தெளியாமல், மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால் பித்தநாள அடைப்பு இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சை 60 நாள் வயதுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும். வெளுத்த மலம் படிந்த துணியைத் துவைத்துவிடாமல், குழந்தையோடு அதையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.