கல்லீரல் போட்ட முடிச்சும் குடல் பாக்டீரியாவும்

தயிரில் இருப்பது போன்ற பாக்டீரியா மார்பகப் புற்றுநோயைத் தடுக்கும் என்று, நோயைத் தயிர்க் கிண்ணத்தோடு முடிச்சுப் போடும் செய்திகளைப் பார்த்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ஆனால் அந்தச் செய்திகளின் அடியில் ஒரு சுவையான உயிர்வேதியியல் கிடக்கிறது.

வேலை முடிந்த ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கல்லீரல் சும்மா விடுவதில்லை. அதன் மேல் குளுக்குரோனிக் அமிலத்தைக் கட்டி, நீரில் கரையும்படி ஆக்கி, ஒரு பகுதியைப் பித்தநீரோடு குடலுக்குத் தள்ளுகிறது. கட்டு அவிழாதவரை அது மலத்தோடு போய்விடும். குடல் பாக்டீரியாக்கள் சிலவற்றிடம் பீட்டா-குளுக்குரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அது கட்டை அறுத்துவிட, விடுபட்ட ஹார்மோன் குடல்சுவர் வழியாக மறுபடியும் ரத்தத்தில் ஏறுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை என்பதால் இந்தப் பின்வாசல் வரவு கவலைக்குரியது.

நொதியை அடக்க முடியுமா? கோல்டின், கோர்பாக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருந்தவர்களுக்கு பாலைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பத்தே நாளில் நொதியின் வேகம் தணிந்தது. நிறுத்திய சில வாரங்களில் பழையபடி ஏறிவிட்டது. வெளியிலிருந்து வரும் பாக்டீரியா குடலில் விருந்தாளிதான், குடியிருப்பதில்லை. இந்தச் சோதனை புற்றுநோயை அளக்கவும் இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் காட்டியது வேறு பாதை. குடிநீரில் லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி கலந்து கொடுத்த எலிகளுக்கு மார்பகக் கட்டிகள் குறைந்தன. அந்த எலிகளின் குறிப்பிட்ட வகை நோயெதிர்ப்பு அணுக்களை மட்டும் பிரித்து வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது, பாக்டீரியாவே இல்லாமல் அந்த எலிகளுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. நுண்ணுயிர் கட்டியைத் தொடவில்லை. எதிர்ப்பு அணுக்களைப் பழக்கியிருக்கிறது.

மனிதர்களிடம் சான்று மெலிந்தது. ஜப்பானில் 2013இல் வெளியான ஆய்வில், 306 நோயாளிகளையும் நோயில்லாத 662 பெண்களையும் ஒப்பிட்டார்கள். லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா கலந்த பானத்தை அடிக்கடி குடித்தவர்களிடம் நோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் பதின்வயதில் குடித்ததையும் நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் வாரத்துக்கு எத்தனை முறை என்பது யாருக்குத் துல்லியமாக நினைவிருக்கும்?

சிகிச்சையில் இருப்பவர்கள் இந்தப் பாக்டீரியாக்களை மாத்திரையாகவோ பொடியாகவோ வாங்கிச் சாப்பிடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். கீமோதெரபியில் வெள்ளை அணுக்கள் சரிந்து, குடல்சுவரும் புண்ணாகியிருக்கும் நாட்களில், இதே லாக்டோபேசில்லஸ் ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.