கறை ஒட்டாத துணியில் சாம்பார் மட்டும் ஏன் ஒட்டுகிறது?

கரூரில் மேஜை விரிப்பும் நாப்கினும் தைத்து ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு பினிஷிங், அதாவது துணிக்குக் கடைசியில் செய்யும் ரசாயனப் பூச்சு வேலை, செய்து கொடுப்பது என் தொழில். "கறை ஒட்டாது என்று அட்டை போட்டிருந்தது, சாம்பார் சிந்தியதும் மஞ்சளாகிவிட்டதே, ஏமாற்றா?" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் ஏமாற்று இல்லை. எந்தக் கறை ஒட்டாது என்பதை அட்டையில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

பாலிமர் கரைசலில் துணியை முக்கி, உருளைகளுக்கு இடையே பிழிந்து, ஸ்டென்டரில் (துணியை விரித்துப் பிடித்து வெப்பக் காற்றில் ஓட்டும் இயந்திரம்) காயவைத்து, 150 டிகிரிக்கு மேல் சூடு காட்டுவோம். ஒவ்வொரு இழையையும் சுற்றி கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் படியும். நூலிடுக்குகள் திறந்தேதான் இருக்கும். அதனால் காற்று போய்வரும். சிந்தியதை அழுத்தித் தேய்த்தால் தண்ணீரும் உள்ளே இறங்கிவிடும். ஒற்றி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

பரப்பு இழுவிசை என்பது ஒரு திரவம் பரவாமல் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் விசை. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். மெழுகு, சிலிக்கோன் படலங்களின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன்மேல் பரவ இழுக்கும் திறன், அதே அளவையில் 20-க்கும் 30-க்கும் இடையில். இவ்வளவு இடைவெளி இருப்பதால் தண்ணீர் முத்தாக நின்று உருண்டுவிடும். சமையல் எண்ணெயின் இழுவிசையோ 30-ஐச் சற்றுத் தாண்டினால் அதிகம். இடைவெளி போதாமல் எண்ணெய் இடுக்குகளில் இறங்கிவிடும். மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் நன்றாகக் கரையக்கூடியது, அதுவும் கூடவே உள்ளே போய்விடும்.

எண்ணெயையும் நிறுத்த வேண்டுமென்றால் ஃப்ளூரின் சேர்ந்த படலம் வேண்டும். நெடுநாள் அதைத்தான் போட்டோம். சிக்கல் என்னவென்றால், அந்தக் குடும்பத்து வேதிப்பொருள்கள் மண்ணிலும் நீரிலும் லேசில் சிதைவதில்லை. ஸ்காட்ச்கார்டு என்ற கறைத்தடுப்புப் பூச்சில் பயன்பட்ட பிஎஃப்ஓஎஸ் என்ற ஃப்ளூரின் வகையைக் கைவிடுவதாக, அதைத் தயாரித்த த்ரீஎம் நிறுவனமே 2000-ல் அறிவித்தது. லேசில் சிதையாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2009-ல் பிஎஃப்ஓஎஸ், 2019-ல் அதே குடும்பத்து பிஎஃப்ஓஏ ஏறின. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் இந்தக் குடும்பத்துப் பொருள்களை வேண்டுமென்றே சேர்த்த புதுத் துணிகளை விற்கத் தடை. மேஜை விரிப்பும் அதில் அடக்கம். இப்போது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஃப்ளூரின் இல்லாததைத்தான் கேட்கிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் எண்ணெய்க் கறை கொஞ்சம் படியத்தான் செய்யும். சாப்பாட்டு மேஜைக்கு அதைச் சகித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வீட்டிலேயே சோதிக்கலாம். விரிப்பின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் வைத்து ஒரு நிமிடம் பாருங்கள். தண்ணீர் நின்று எண்ணெய் மட்டும் ஊறினால் ஃப்ளூரின் இல்லாதது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் நின்றால் ஃப்ளூரின் இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீரே ஊறினால் பினிஷிங் சரியில்லை. உற்பத்தியைக் கூட்ட ஸ்டென்டர் வேகத்தை ஏற்றிவிட்டால் பாலிமர் சரியாகப் பிடிக்காது, முதல் சலவையிலேயே போய்விடும். எங்கள் தொழிலில் இது நடக்கத்தான் செய்கிறது.

மஞ்சள் கறையை உடனே பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவுங்கள். சோப்பு பட்டதும் சிவந்தால் பதற வேண்டாம், காரத்தில் மஞ்சள் அப்படித்தான். மீதி வெயிலில் வெளுக்கும். துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது படலத்தின் மேல் படிந்து தண்ணீரை இழுக்கும். சோப்பு தங்காமல் நன்றாக அலசி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் மங்கிய படலம் ஓரளவு மீளும்.

அப்புறம், சோபாவுக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பாக்கள். படலம் போடும் பொருளை நுண்துளிகளாக மூச்சில் இழுத்தால் நுரையீரலின் அடிவரை போகும். 2006-ல் ஜெர்மனியில் கண்ணாடிக்கும் டைல்ஸுக்கும் அடிக்கும் இப்படியொரு ஸ்பிரேயால் நூறு பேர் அளவில் மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். ஏசி போட்டு மூடிய அறையில் அடிக்காதீர்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் வெளியே அனுப்பிவிடுங்கள். துணியில் நனைத்துத் தடவும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.