பத்து வருஷம் நின்ற பத்மினி: சாவியைத் திருப்பும் முன்

“நிறுத்தும்போது நல்லா ஓடிட்டிருந்த வண்டி சார், ஒரு பேட்டரி போட்டா போதும்.” பழைய கார் பார்க்கப் போகிறவர் காதில் முதலில் விழுவது இதுதான். பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் பத்து வருஷம் கொட்டகையில் நின்ற காருக்குப் பெரிய ஆபத்தே, அந்தப் பேட்டரியைப் போட்டுச் சாவியைத் திருப்பும் முதல் ஐந்து நொடியில்தான். ஆகவே விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வந்து பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

பிரீமியர் பத்மினியையே எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் ஃபியட் 1100 காரை பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்து, 1974 முதல் இந்தப் பெயரில் விற்றது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், கார்பரேட்டர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எளிமையான வண்டி, ஏறக்குறைய எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்யலாம், ஒன்றைத் தவிர. அது பாடி.

எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு மீட்டுவிடலாம். பாடி அப்படியல்ல. பத்மினியில் பாடியைத் தாங்கும் தனி அடிச்சட்டம், அதாவது சேஸிஸ், கிடையாது; தகடுகளை வெல்டு செய்த கூடுதான் மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பாடியைத் தூக்கிவிட்டுச் சேஸிஸைத் தனியாகச் சரிசெய்யலாம். இங்கே அது நடக்காது. அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன், காருக்குள் தரையில் விரித்திருக்கும் பாயைத் தூக்கிப் பாருங்கள். முன் கண்ணாடி ரப்பர் வெடித்தால் மழைத்தண்ணீர் டாஷ்போர்டு பின்னால் இறங்கி, பாய்க்கு அடியில் இருக்கும் அட்டையை நனைக்கும். அந்த அட்டை மாதக்கணக்கில் ஈரம் காக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். கீழே தகடு அப்பளமாகியிருக்கும்.

கையில் ஒரு சின்னக் காந்தமும் ஸ்குரூ டிரைவரும் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், சக்கர வளைவு என்று நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி (புட்டி) இருக்கிறது. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, அடியில் ஜாக்கி வைக்கும் இடத்தையும், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பாடியோடு சேரும் இடத்தையும் ஸ்குரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலையைப் பேச வேண்டாம். வேறு வண்டி பார்ப்பது நல்லது. கதவைத் திறந்ததும் பின்முனை தொங்கி, மூடும்போது தூக்கி மூட வேண்டியிருந்தால் முதலில் கீலைப் பாருங்கள். கீல் ஆடாமலே கதவு தொங்குகிறது என்றால், கீலைத் தாங்கும் தூண் இளகிவிட்டது.

ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. விட்டுப்போன வருஷங்களுக்கான வரி பாக்கி எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு விலை பேசுங்கள்.

இனி எஞ்சின். ஓடும்போது கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையே ஆயில் படலம் இருக்கும். வண்டி நின்றதும் அது மெல்ல வழிந்து, எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கிவிடும். சிலிண்டரில் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் எந்த இடத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். பகலில் சூடேறி வெளியே போகும் காற்று, இரவில் குளிர்ந்து ஈரத்தோடு அந்த வழியாகவே உள்ளே வரும். பிஸ்டன் ரிங் உட்கார்ந்திருக்கும் கோட்டில், வார்ப்பிரும்புச் சுவரில் மெல்லிய துரு வளையம் கட்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த வளையத்தின் மேல் ரிங்கை இழுத்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக ரேடியேட்டர் தண்ணீர் கசிந்து பிஸ்டன் மேல் நின்றிருந்தால் கதை அதோடு முடியாது: தண்ணீரை அமுக்க முடியாது என்பதால், பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அதனால் முதல் வேலை நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுவது. ஒவ்வொரு துளையிலும் சுமார் 10 மி.லி. ஆயில் விடுங்கள், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயிலில் பாதியளவு மண்ணெண்ணெய் கலந்தால் துருவின் இடுக்கில் நன்றாக இறங்கும். குறைந்தது ஒரு நாள் ஊறட்டும். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் திருப்புங்கள். அசையவில்லையா? மறுபடி ஆயில் விட்டு ஒரு வாரம் பொறுங்கள். ஸ்பேனரில் பைப்பைச் சொருகி எம்புவதால் வேலை வேகமாக முடியாது, செலவுதான் கூடும்.

திரும்பினால் வால்வு கவரைக் கழற்றிவிட்டு இன்னும் இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எட்டு வால்வும் ஒவ்வொன்றாக இறங்கி, ஸ்பிரிங்கால் தானாகவே மேலே வர வேண்டும். ஒன்று இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால், அதை அழுத்தும் ராக்கருக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே இடைவெளி தெரியும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட்டரைச் சுற்றினால், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையலாம். தண்டின் மேல் ஆயில் விட்டு, மரச்சுத்தியால் லேசாகத் தட்டித் தட்டி விடுவிக்கலாம்.

இப்போது சம்ப் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனமானது, அதனால் அதுதான் முதலில் வரும். சில சொட்டு என்றால் ஈரம் திரண்டது. ஒரு டம்ளர் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. எரிந்த பெட்ரோலின் அமிலமெல்லாம் பழைய ஆயிலில்தான் இருக்கும், எனவே ஃபில்டரோடு புது ஆயில். பிளக் இல்லாமலே பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை விடுங்கள். அதன் பிறகு பிளக் துளையில் கேஜ் வைத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கலாம். நான்கிலும் 110 பி.எஸ்.ஐ. காட்டினால் கவலையில்லை. மூன்றில் 120, ஒன்றில் 70 என்றால் அந்த ஒன்றில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு உட்காரவில்லை.

பெட்ரோலுக்கு வருவோம். ஆவியாகும் பகுதி பறந்துவிட்டு, மீதி ஆக்சிஜனோடு சேர்ந்து வார்னிஷ் மாதிரி பிசினாகிவிடும். டாங்க் மூடியைத் திறந்தாலே மூக்குக்குத் தெரியும். கார்பரேட்டரில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் விடும் ஐடில் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, பிசின் முதலில் அதைத்தான் அடைக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓடி, காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்குப் பழைய டாங்கை நம்பாமல், தனி கேனில் ஒரு லிட்டர் புது பெட்ரோல் போதும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாயை அது ஊதச்செய்து வெடிக்க வைக்கும். குழாய்க்குப் பக்கத்திலேயே சூடான மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்) இருக்கிறது. எத்தனால் தாங்கும் புதுக் குழாய் மாட்டாமல் எஞ்சினை ஓட்டவே கூடாது. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஸ்பார்க் வரவில்லை என்றதும் இக்னிஷன் காயிலை மாற்றச் சொல்வார்கள். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனையான பாயின்ட்டைப் பாருங்கள். முகங்கள் சாம்பல் பூத்திருக்கும். டங்ஸ்டன் மேல் படிந்த ஆக்சைடு அது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அந்தப் படலத்தை 12 வோல்ட் தாண்டாது. நயமான எமரித்தாளால் இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவே விட்டு உருவி எடுங்கள். கார்டில் கறுப்புக் கோடு வராத வரைக்கும் உருவ வேண்டும். இடைவெளி சுமார் 0.4 மி.மீ. வைத்தால் பல வண்டிகளில் நீல ஸ்பார்க் அங்கேயே வந்துவிடும்.

எஞ்சின் ஓடிவிட்ட சந்தோஷத்தில் தெருவுக்கு எடுத்துவிடுவதுதான் மிக மோசமான தவறு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தத் தண்ணீரே வீல் சிலிண்டரின் உள்சுவரில் குழி போடும், ரப்பர் கப் அந்தக் குழியில் உரசிக் கிழியும். பெடல் முதல் பத்து மிதியில் கல் மாதிரி நிற்கும், பதினோராவதில் தரையைத் தொடும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்து, புது ஆயில் ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகே வண்டி நகர வேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் தேடுங்கள். 0809 என்றால் 2009-ம் ஆண்டு எட்டாவது வாரம். ரப்பரைக் காக்கும் மெழுகு, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேலே வரும். நின்ற டயரில் அது வராது, வெடிப்பு வரும். பட்டன் முழுசாக இருந்தாலும் பத்து வருஷம் தாண்டியதை நம்பி 60 கி.மீ. வேகம் போகாதீர்கள். முதல் 100 கி.மீ. முடிந்ததும் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்றுங்கள். புதிதாக ஊற்றியது அதற்குள் கறுத்திருக்கும், ஏனென்றால் பத்து வருஷத்து அழுக்கு இப்போதுதான் கரைந்து இறங்குகிறது.